பேட்டரியின் இரண்டாம் வாழ்வில் யாருக்குப் பங்கு?

அரிய கனிமங்களைக் கழிவிலிருந்து மீட்டெடுக்கும் தொழிலுக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கும் திட்டத்திற்கு 2025 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் தாக்கலான நிதிநிலை அறிக்கை, லித்தியம் அயனி பேட்டரிக் கழிவு இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்க வரியை முற்றிலும் நீக்கியிருந்தது. அதற்குச் சில நாள்கள் முன்னதாக, 16,300 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய அரிய கனிம இயக்கம் அறிவிக்கப்பட்டது. நேற்றுவரை காயலான் கடையின் மூலையில் கிடந்த பொருள், இன்று நாட்டின் மூலவளமாகிவிட்டது.

ஊக்கத்தொகைத் திட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. பேட்டரியை உடைத்து அரைத்துக் கிடைக்கும் கருந்தூளை மட்டும் தயாரிப்போருக்கு ஊக்கத்தொகை கிடையாது. அத்தூளிலிருந்து லித்தியத்தையும் கோபால்ட்டையும் பிரித்தெடுப்போருக்கே அது உரியது. தொழில்நுட்ப நோக்கில் இந்நிபந்தனையில் நியாயம் இருக்கிறது. தூளை ஏற்றுமதி செய்துவிட்டு மானியம் வாங்கும் வழியை அது அடைக்கிறது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். பேட்டரியைத் தெருவிலிருந்து சேகரிப்பவர், உறையைப் பிரிப்பவர், உயிருள்ள செல்லையும் செத்த செல்லையும் தரம் பிரிப்பவர் ஆகியோரின் உழைப்பு, மதிப்பு உருவாகும் சங்கிலியில் கணக்கிலேயே வரவில்லை. அரைத்து உருக்குவதற்கு முன்னால் செய்யக்கூடிய இன்னொரு வேலையும் கணக்கில் வரவில்லை. அதுதான் மறுபயன்பாடு.

பழைய பேட்டரியைக் கொண்டு ஒரு வீட்டுக்கு மின்சாரம் தர முடியுமா? முடியும். மடிக்கணினியின் பேட்டரி 'போய்விட்டது' என்று நாம் தூக்கியெறியும்போது, பெரும்பாலும் போயிருப்பது அதன் தொகுப்புதான். உள்ளிருக்கும் செல்கள் எல்லாமே அல்ல. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளைச் செல்கள் ஆறோ எட்டோ அதனுள் இருக்கும். அவற்றில் ஒன்றிரண்டு பழுதானாலே முழுத் தொகுப்பும் செயலிழந்துவிடும். மின்சார வாகனங்களிலும் இதே நிலைதான். தொடக்கத் திறனில் 70 முதல் 80 விழுக்காட்டுக்கு இறங்கியதும் வண்டிக்கு அந்தப் பேட்டரி போதாது என்று கழற்றப்படுகிறது. வண்டியை இழுக்கப் போதாத அந்த மிச்சம், ஒரு விளக்கையும் விசிறியையும் இயக்கத் தாராளமாகப் போதும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு, இரவில் 5 மணி நேரம் எரிந்தால் 90 வாட்-மணி. குறைமின் மோட்டார் பொருத்திய 28 வாட் கூரை விசிறி 8 மணி நேரம் சுழன்றால் 224. இரண்டு கைப்பேசிகளுக்கு ஏறத்தாழ 30. ஆக, ஓர் இரவின் தேவை 350 வாட்-மணி அளவில் நிற்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. (பழைய 75 வாட் விசிறியாக இருந்தால் அது மட்டுமே 600 வாட்-மணியைத் தின்றுவிடும். ஆகவே பேட்டரியைப் பேசுவதற்கு முன் விசிறியைப் பேச வேண்டும்.) தேய்ந்த மடிக்கணினிச் செல் ஒன்று ஏறத்தாழ 5 வாட்-மணி தாங்கும். அதை முழுவதும் வடித்துவிடாமல் அளவோடு பயன்படுத்தினால், நூறு செல்களில் ஓர் இரவு கழியும். தரம்பிரித்தலில் பாதி கழிந்துபோகும் என்று கொண்டால், முப்பது முதல் முப்பத்தைந்து மடிக்கணினிப் பேட்டரிகளைப் பிரிக்க வேண்டியிருக்கும். இரண்டு முதல் மூன்று கிலோவாட்-மணி கொண்ட மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியாக இருந்தால், தேய்ந்த நிலையிலும் அது இத்தகைய நான்கைந்து வீடுகளின் ஓர் இரவைத் தாங்கும்.

இது வெறும் காகிதக் கணக்கன்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்திய ஆய்வகம் 2014இல் பழைய மடிக்கணினிச் செல்களைக் கொண்டு 'ஊர்ஜார்' என்ற மின்பெட்டியை உருவாக்கி, பெங்களூரில் தெருவோர வணிகர்கள், குடிசைவாழ் மக்கள் ஆகியோரிடம் கொடுத்துச் சோதித்தது. ஆய்வுக்கு எடுத்த கழிக்கப்பட்ட பேட்டரிகளில் குறைந்தது 70 விழுக்காடு, ஓர் எல்.இ.டி. விளக்கை நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓராண்டு எரியவைக்கும் ஆற்றல் கொண்டிருந்தன. பயன்படுத்தியவர்கள் கேட்ட மேம்பாடுகள் இரண்டு: எலி கடிக்காத கம்பி வேண்டும், விளக்கு இன்னும் பிரகாசமாக எரிய வேண்டும். ஆய்வகத்தில் எவருக்கும் எளிதில் தோன்றாத முதல் கோரிக்கை, அந்தக் குடியிருப்புகளின் நிலையைப் பக்கம் பக்கமாக எழுதும் அறிக்கையைவிடத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. பின்னர் பெங்களூரையும் பெர்லினையும் களமாகக் கொண்ட நூனம் என்ற நிறுவனம் மடிக்கணினிச் செல்களிலிருந்து மின்சேமிப்புப் பெட்டிகளைச் செய்தது. 2022இல் ஆடி நிறுவனத்தின் சோதனைக் கார்களில் இருந்த பேட்டரிகளை மூன்று மின்சார ரிக்‌ஷாக்களில் பொருத்திக் காட்டியது.

தொழில்நுட்பம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. அப்படியிருந்தும் அது ஏன் பரவவில்லை? விடை உழைப்பில் இருக்கிறது.

ஒரு பழைய செல்லை நம்பிக்கையோடு மீண்டும் பயன்படுத்த, அதன் கதையை முழுவதும் கேட்டறிய வேண்டும். முதலில் மின்னழுத்தம் பார்க்க வேண்டும். இரண்டு வோல்ட்டுக்குக் கீழே சென்று நெடுநாள் கிடந்த செல்லை விலக்கிவிட வேண்டும். நசுங்கியது, துருப்பிடித்தது, கசிவின் மணம் வீசுவது எல்லாம் கழிவு. மிஞ்சியதை 4.2 வோல்ட் வரை மெல்ல மின்னேற்ற வேண்டும். அப்போது சூடேறினால் அதுவும் கழிவு. ஏற்றியதைச் சில வாரங்கள் அப்படியே வைத்து, தானாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு முழுவதும் வடித்து, உண்மைத் திறனை அளந்து, செல்லின் மேல் எழுத வேண்டும். ஒத்த திறன் கொண்டவற்றை மட்டுமே ஒரே வரிசையில் சேர்க்கலாம். ஒவ்வொரு செல்லுக்கும் தனி உருகு கம்பி, தொகுப்புக்கு ஒரு மேலாண்மைச் சுற்று, இணைப்புக்குப் புள்ளிப் பற்றவைப்பு ஆகியவை தேவை. இரும்பு பாஸ்பேட் வகைச் செல் 3.2 வோல்ட்டில் இயங்குவது. அதை மற்றவற்றோடு கலந்தால் தீயை வரவழைப்பதாகும். பல செல்களை ஒரே நேரத்தில் சோதிக்கும் கருவி இருந்தாலும், ஒரு வீட்டுத் தொகுப்புக்குப் பின்னால் பல நாள்களின் கவனம் மிகுந்த கையுழைப்பு நிற்கிறது.

உழைப்புக்கு உரிய கூலி தரப்படும் நாடுகளில், செல் செல்லாகப் பிரித்துச் சோதிப்பது கட்டுப்படியாகாது. முழுத் தொகுப்பாகப் பயன்படுத்துவார்கள், இல்லையேல் அரைத்துவிடுவார்கள். இந்தியாவில் அது கட்டுப்படியாகும் என்று முதலீட்டாளர் விளக்கவுரைகள் கூறுவதன் பொருள் ஒன்றே: பிரிப்பவரின் உழைப்பு இங்கே மலிவாகக் கிடைக்கும். அது ஏன் மலிவு என்ற கேள்வி அந்த உரைகளில் வராது. கழிவைத் தொடுவோரின் கூலியைச் சந்தை மட்டும் முடிவுசெய்வதில்லை, சாதியும் முடிவுசெய்கிறது. உழைப்பைப் பங்கிடுவதற்கும் உழைப்பாளரையே ஏற்றத்தாழ்வாகப் பங்கிடுவதற்கும் அம்பேத்கர் காட்டிய வேறுபாட்டுக்கு, லித்தியம் பேட்டரி புதிய எடுத்துக்காட்டாக வந்து சேர்ந்திருக்கிறது. பழைய பேட்டரியின் மலிவு எனப்படுவதில் பெரும்பகுதி, பிரிப்பவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட கூலியே ஆகும்.

நாட்டின் மிகப் பெரிய மின்னணுக் கழிவு உடைப்புச் சந்தை எனப்படும் தில்லியின் சீலம்பூரில், கணினிகளையும் கைப்பேசிகளையும் பிரிப்போரில் பெரும்பாலோர் முஸ்லிம்களும் தலித்துகளும் ஆவர். பெண்களும் சிறுவர்களும் அவர்களுள் உண்டு. சுத்தியலும் திருப்புளியுமே கருவிகள். லித்தியம் பேட்டரியில் இம்முறை காரீயத்தைவிட வேறுவிதமான ஆபத்தைத் தருகிறது. செல்லின் உறை கிழிந்து உள்மின்முனைகள் ஒன்றோடொன்று தொட்டால் நொடியில் தீ. உள்ளிருக்கும் மின்பகுளியின் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் புளோரைடு என்ற நச்சு வாயுவாக மாறும். அது கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். கையுறையும் முகக்கவசமும் காற்றோட்டமும் இல்லாத அறையில் இவ்வேலை நாள்தோறும் நடக்கிறது.

சட்டம் இவர்களை எங்கே வைத்திருக்கிறது? 2001இன் பழைய விதிகள் காரீய அமில பேட்டரிகளுக்கு மட்டும் உரியவை. அவற்றுக்கு மாற்றாக 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், எல்லா வகை பேட்டரிகளையும் உள்ளடக்கி, திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் சுமத்தின. 2026-27 முதல் பேட்டரியில் உள்ள பொருள்களில் 90 விழுக்காட்டை மறுசுழற்சியாளர்கள் மீட்டெடுக்க வேண்டும். 2027-28இல் தொடங்கி, புதிய வாகன பேட்டரிகளில் மறுசுழற்சிப் பொருளின் பங்கு படிப்படியாகக் கூட வேண்டும். இவை வரவேற்கத்தக்கவை. பழுதுநீக்கி மறுபயன்பாட்டுக்குத் தருவோரை 'புதுப்பிப்பவர்' என்று தனி வகையாகவே அவ்விதிகள் ஏற்கின்றன. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் இணையவழிப் பதிவு செய்தால் போதும். ஆனால் அந்தப் பதிவுக்கு நிறுவனம் வேண்டும், இடம் வேண்டும், ஆவணம் வேண்டும், ஆண்டறிக்கை வேண்டும். இவை எதுவும் இல்லாதவர் நேற்றுவரை செய்த அதே வேலை, இன்று சட்டமீறலாகிறது.

அதே ஆண்டில் வந்த மின்னணுக் கழிவு விதிகளில், நாம் அதிகம் பேசாத ஒரு பிரிவு இருக்கிறது. பிரித்தெடுக்கும் தொழிலாளரை அடையாளம் கண்டு பதிவுசெய்தல், அவர்கள் குழுக்களாகச் சேர்ந்து பிரிப்பு நிலையம் அமைக்க உதவுதல், திறன்பயிற்சி அளித்தல், பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆண்டுதோறும் கண்காணித்தல் ஆகியவற்றை மாநிலத் தொழிலாளர் துறையின் கடமையாக அது விதிக்கிறது. தொழிற்பேட்டைகளில் அவர்களுக்கு இடம் ஒதுக்கவும் மாநில அரசைப் பணிக்கிறது. அத்தகைய பிரிவு பேட்டரி விதிகளில் இடம்பெறவில்லை. மடிக்கணினியைப் பிரிப்பவர் தொழிலாளர். அதன் பேட்டரியை எடுத்துப் பிரிக்கத் தொடங்கியதும் அவர் மறைந்துவிடுகிறார்.

இன்னொரு திசையிலிருந்தும் இதைப் பார்க்கலாம். கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளருக்கான 'நமஸ்தே' திட்டத்தில் 2024இல் குப்பை சேகரிப்போரும் சேர்க்கப்பட்டனர். அவர்கள் கணக்கெடுக்கப்படுகிறார்கள், பாதுகாப்பு உடையும் மருத்துவக் காப்பீடும் வழங்கப்படுகின்றன. சமூகநீதி அமைச்சகம் இவர்களைப் பயனாளிகளாக எண்ணுகிறது. சுரங்க அமைச்சகத்தின் ஊக்கத்தொகையோ இவர்கள் சேகரித்த பொருளின்மேல் வேறொருவருக்குப் போகிறது. நலத்திட்டப் பட்டியலில் இருக்கும் பெயர் தொழிற்பட்டியலில் இல்லாதிருப்பது தற்செயல் எனக் கொள்வதற்கில்லை. குப்பை தங்கமாகும்போதெல்லாம், அதைத் தொடுவோருக்குச் சோப்பும் கையுறையும், தொடாதோருக்கு உரிமமும் என்பதே நடைமுறையாக இருந்து வந்திருக்கிறது.

காரீய பேட்டரியின் வரலாறு நம் கண்முன் இருக்கிறது. விதிகள் வந்து இருபது ஆண்டுகள் ஆனபின்னும் கொல்லைப்புற உருக்கு உலைகள் ஒழியவில்லை. இந்தியக் குழந்தைகளில் ஏறத்தாழ 27.5 கோடிப் பேரின் குருதியில் காரீயம் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டியிருப்பதாக யூனிசெஃப், பியூர் எர்த் ஆகிய அமைப்புகள் 2020இல் மதிப்பிட்டன. முறையற்ற பேட்டரி மறுசுழற்சியை அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக அவை சுட்டின. உழைப்பவரை வெளியே நிறுத்திவிட்டுப் பொருளை மட்டும் முறைப்படுத்த முயன்றதன் விளைவு இது.

மறுபயன்பாட்டைப் பேசும் நம்முடைய தோழர்கள் சிலரிடமும் ஒரு கருத்து வேறுபாட்டைப் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. 'பழைய பேட்டரியால் சேரிக்கு வெளிச்சம்' என்ற முழக்கம் கேட்க இனிமையானது. ஆனால் வண்டிக்கு ஆகாது என்று கழித்த பொருள், யாருடைய வீட்டுக்கு ஆகும் என்று தீர்மானிக்கப்படுகிறது? பழைய துணி, பழைய சோறு என்ற வரிசையில் பழைய மின்சாரமும் வந்து சேர வேண்டுமா?

அச்சம் வெறும் மானம் பற்றியதன்று. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்றத்துக்கு விடப்பட்ட மின்சார இருசக்கர வாகனம் தீப்பற்றியதில், தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தனர். அந்தக் கோடையில் நாடெங்கும் நிகழ்ந்த இத்தகைய தீ விபத்துகளுக்குப் பிறகே, வாகன பேட்டரிகளின் பாதுகாப்புத் தரம் 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரு கட்டங்களாகக் கடுமையாக்கப்பட்டது. இதிலிருந்து கிடைக்கும் முடிவு எளியது, ஆனால் பலர் எண்ணிப் பாராதது: முதலில் பழையதாகிக் கழிவுச் சந்தைக்கு வரும் பேட்டரிகள், அந்தக் கடுமையான தரத்துக்கு முன்னர் செய்யப்பட்டவை. அவை ஓலைக் கூரையின் கீழ், ஒரே அறையில், படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கப்படும் நிலையை எண்ணிப் பார்க்கட்டும். தீப்பிடிக்காத பெட்டியில், மக்கள் உறங்கும் இடத்துக்கு வெளியே, பொறுப்பேற்கும் ஒருவரின் பராமரிப்பில் வைக்க முடியாத இடத்தில், இந்தத் தொகுப்பை வைக்கக் கூடாது. வீடு வீடாகக் கொடுப்பதைவிட, படிப்பகத்துக்கோ சமுதாயக் கூடத்துக்கோ பொதுவான ஒரு தொகுப்பு அமைப்பதே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

அதே வேளையில், மின்சாரத்தின் மேல் சொந்தக் கட்டுப்பாடு என்பது தலித் மக்களுக்கு ஆடம்பரமும் அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் வீடுகளில் 67 விழுக்காடு மின் விளக்கைப் பயன்படுத்தின; பட்டியல் சாதியினர் வீடுகளில் அது 59. அதன்பின் இணைப்புகள் பெருகின. ஆனால் மின்கம்பி ஊர்த்தெரு வழியாகத்தான் காலனிக்கு வருகிறது. சாதிப் பதற்றம் மூளும்போது தண்ணீருடன் மின்சாரத்தையும் நிறுத்துவது பழகிப்போன ஆயுதம். சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் 2015இன் திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தண்டனைக்குரியவை. எனினும் வழக்குப் பதிவாகும்வரை இரவு இருளாகவே இருக்கும். 1995 ஆகஸ்டில் கொடியன்குளத்தில் புகுந்த காவல்துறை, தொலைக்காட்சிப் பெட்டிகளையும் மின்விசிறிகளையும் தேடித் தேடி உடைத்ததை மறந்துவிட முடியாது. நான்கு நாள்கள் கைப்பேசிக்கு மின்னேற்ற வழியிருந்தால் ஒரு காணொளி வெளியே வரும், வழக்கறிஞருக்கு அழைப்புப் போகும். இந்தக் காரணத்துக்காக மட்டுமே கூட, பொது இடத்தில் தனித்து இயங்கும் ஒரு மின்சேமிப்பு ஒவ்வொரு காலனிக்கும் வேண்டும்.

ஆனால் அதை அரசின் கடமைக்கு மாற்றாக வைக்கக் கூடாது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கரின் பொறுப்பில் மின்சாரமும் இருந்தது. 1943 அக்டோபரில் மின்னாற்றல் கொள்கைக் குழுவில் பேசியபோது, மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும், வறுமையிலிருந்து நாடு மீள அதுவே அடித்தளம் என்று அவர் வாதிட்டார். அவர் காலத்திலேயே மத்தியத் தொழில்நுட்ப மின்வாரியம் உருவானது. அந்தப் பார்வையில் மின்சாரம் அனைவருக்கும் உரிய பொதுச்சொத்து. இன்றைய 'பிரதமர் சூரிய வீடு' திட்டம் மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. ஆனால் சூரியத் தகடு பொருத்தத்தக்க கூரையுடைய சொந்த வீடு இருக்க வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவருக்கும், பட்டா இல்லாதவருக்கும், ஓலைக் கூரையின் கீழ் வாழ்பவருக்கும் அதில் இடமில்லை. அவர்களுக்கு மட்டும் பழைய செல் என்றால், அதை மறுபயன்பாடு என்று அழைப்பது பொருந்தாது.

இன்னும் ஒன்று. புதிய பேட்டரியின் விலை வேகமாக வீழ்ந்து வருகிறது. 2024இல் உலகச் சராசரி ஒரு கிலோவாட்-மணிக்கு 115 டாலர் என்று புளூம்பெர்க் ஆய்வுப் பிரிவு கணக்கிட்டது. புதியதன் விலை இறங்க இறங்க, பழையதை விற்பவரின் இலாபம் சுருங்கும். அந்தச் சுருக்கம் யார் தலையில் விழும்? செல்லின் விலையிலோ கருவியின் விலையிலோ குறைக்க அதிக இடமில்லை. பிரிப்பவரின் கூலியிலும் பாதுகாப்பிலும்தான் அது விழும். ஆகவே உரிமைக் கோரிக்கைகளை இத்தொழில் வேர்விடும் முன்பே முன்வைத்தாக வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது அவசரமான பொருள். ஒசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார இருசக்கர வாகன ஆலைகள் இயங்குகின்றன. அங்கிருந்து சென்ற முதல் தலைமுறை பேட்டரிகள் திரும்பிவரும் காலம் நெருங்குகிறது. மின்னணுக் கழிவு விதிகளில் தொழிலாளர் துறைக்கு விதிக்கப்பட்ட கடமையைப் பேட்டரி விதிகளுக்கும் நீட்டிக்கக் கோர வேண்டும். கழிவுத் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் 'புதுப்பிப்பவர்' என்று பதிவுபெறக் கட்டண விலக்கும், தொழிற்பேட்டையில் இடமும், சோதனைக் கருவிகளும் தரப்பட வேண்டும். உற்பத்தியாளர், பேட்டரியின் உள்சுற்றைப் பூட்டி வைக்காமல், அதன் பயன்பாட்டு வரலாற்றைப் பழுதுநீக்குவோருக்குத் திறந்துவிட வேண்டும். அது கிடைத்தால் பாதி சோதனையும் பாதி ஆபத்தும் குறையும்.

கல்லூரி மாணவர்கள் தங்கள் வளாகத்திலேயே தொடங்கலாம். ஒரு நிதியாண்டில் ஆயிரம் மின்னணுக் கருவிகளுக்குக் குறையாமல் பயன்படுத்தும் எந்த நிறுவனமும் மின்னணுக் கழிவு விதிகளின்படி 'பெருநுகர்வோர்' ஆகும். பெரிய பொறியியல் கல்லூரிகள் பல இதில் அடங்கும். பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டுமே அவை கழிவை ஒப்படைக்கலாம். கடந்த ஆண்டு கழிக்கப்பட்ட கணினிகளும் யு.பி.எஸ். பேட்டரிகளும் யாரிடம், எந்த விலைக்குப் போயின, பதிவுச் சான்று என்ன என்பதை அரசுக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். பதிலில் வரும் பெயருக்கும், உண்மையில் வண்டியில் வந்து மூட்டையைத் தூக்கிச் சென்றவருக்கும் இடையே எத்தனை கைகள் இருக்கின்றன என்பதை, அந்த மூட்டையைத் தொடர்ந்து சென்று எழுதுங்கள்.